லராபின்டா பாதையில் கொழுக்கட்டைப் புல்

மத்திய ஆஸ்திரேலியாவில் நடைப்பயணம் போய்வந்தேன் என்று சொன்னால், "உளுரு பார்த்தாயா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாங்கள் போனது அந்தப் பெரிய செம்பாறைக்கு இல்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் பழைய தந்தி நிலையத்தில் தொடங்கி, மேற்கு மெக்டானல் மலைத்தொடரை ஒட்டியே 223 கிலோமீட்டர் போய் சாண்டர் மலையில் முடிகிற லராபின்டா பாதைக்கு. முழுவதையும் நடக்கவில்லை. வழிகாட்டியோடு, முகாம் போட்டுத் தங்கி, தேர்ந்தெடுத்த பகுதிகளை மட்டும் நடக்கிற ஒரு குழுவில் சேர்ந்து போனோம். மலை, பள்ளத்தாக்கு, குளிர், வானம் என்று எழுத நிறைய இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு புல்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் வேறெதையும் சொல்ல முடியவில்லை.

என் அம்மா பிறந்த ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் போகிற வழியில் இருக்கிறது. அம்மாவின் அப்பாவான அப்புச்சிக்கு அங்கே கொறங்காடு இருந்தது. கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த காடு. கிணற்றுத் தண்ணீர் பாயாது, மழையை நம்பித்தான் எல்லாம். காங்கேயம் மாடுகளின் எலும்பிலும் திமிலிலும் இருக்கிற வலு அந்தப் புல்லில் வந்தது என்று அப்புச்சி சொல்வார். மழைக்காலத்தில் படலை இழுத்துக் கட்டிவிட்டால், புல் பூத்து, விதை கொட்டி முடிக்கும்வரை ஓர் ஆட்டைக்கூட உள்ளே விடமாட்டார். எங்களையும் விடமாட்டார். மிதித்தால் விதை வீணாகும் என்பார். நான் வளர்ந்தது அந்தப் புல்லைச் சொத்தாக மதித்த வீட்டில்.

குளிரும் கல்லும்

இந்த மாதிரிப் பயணத்தில் சுமை அதிகம் இல்லை. கூடாரம், சமையல் சாமான், ஸ்வாக் எல்லாம் வண்டியில் முன்னால் போய்விடும். நம் முதுகில் இருப்பது அன்றைய சாப்பாடும், மூன்று லிட்டர் தண்ணீரும், ஒரு கம்பளிச் சட்டையும்தான். ஸ்வாக் என்பது கான்வாஸ் உறைக்குள் மெத்தை வைத்த சுருட்டுப் படுக்கை. உள்ளே நுழைந்து தலைமாட்டு மூடியை இழுத்துவிட்டால் ஆள் படுத்திருப்பதே தெரியாது. ஜூலையில் இரவு சுழியத்துக்குக் கீழே போகிறது. விடியும்போது மேல்துணியில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறி, சட்டைக் கையை மடித்துவிட வேண்டியிருக்கும். கோடையில் இங்கே நடப்பது உயிருக்கு ஆபத்து. அதனால் மே முதல் ஆகஸ்ட் வரைதான் கூட்டம்.

பாதையின் பெரும்பகுதி குவார்ட்சைட் பாறை. உடைந்த கல்லெல்லாம் கத்தி முனைபோல நிற்கும், புதுக் காலணியின் அடியையே தின்றுவிடும். சரிவுகளில் ஸ்பினிஃபெக்ஸ் என்ற புல், முழங்கால் உயரத்துக்கு உருண்டை உருண்டையாக. தொட்டால் நுனி முறிந்து தோலுக்குள் தங்கிவிடும். அதற்காகக் கணுக்காலில் இருந்து முழங்கால் வரை துணி உறை கட்டிக்கொண்டுதான் நடந்தோம். ஆனால் அந்த முள் உருண்டைகளுக்கு நடுவே எப்போதும் வெறும் செம்மண் தெரியும். ஒரு உருண்டை, கொஞ்சம் மண், அடுத்த உருண்டை. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் வழிகாட்டி முதலிலேயே சொன்னார். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே பல வருடங்களாக இருக்கிற பெண். பேச்சு குறைவு, ஆனால் எந்தச் செடியைக் காட்டினாலும் நின்று பதில் சொல்வார்.

ஒரு பிற்பகலில் முகட்டிலிருந்து இறங்கி, காய்ந்த ஆற்றுப் படுகை ஒன்றின் கரைக்கு வந்தோம். கல் முடிந்து வண்டல் தொடங்கியது. அங்கே இடுப்பளவுக்கு நெருக்கமாக ஒரு புல். பெரும்பாலும் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நின்றது. அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை. கதிர் விரல் நீளம், உருளை வடிவம், பூனை வால்போல மெத்தென்று, லேசான ஊதா. ஒரு கதிரைப் பிடித்து அடியிலிருந்து மேலாக உருவினேன். விதையெல்லாம் பஞ்சுப் பொட்டுகளாக உள்ளங்கையில் வந்து ஒட்டிக்கொண்டன. சின்ன வயதில் நூறு தடவை செய்த காரியம் அது. கண்ணுக்கு முன்பே கை கண்டுபிடித்துவிட்டது. கொழுக்கட்டைப் புல்! அம்மா ஊர் மண்ணிலிருந்து எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மனிதர் குரலே கேட்காத ஒரு பள்ளத்தாக்கில். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. திரும்பி வழிகாட்டியிடம் காட்டி, "இது எங்கள் ஊர்ப் புல், என் தாத்தா இதைக் காவல் காத்தார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்படியா" என்று சொல்லிவிட்டு என் உள்ளங்கையைப் பார்த்தார். இடுப்புப் பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டி, "விதையை இதில் போட்டுவிடுங்கள், கீழே சிந்த வேண்டாம்" என்றார். அதற்கு அப்புறம்தான் கதையைச் சொன்னார்.

எப்படி வந்து சேர்ந்தது

இங்கே அதை பஃபெல் என்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கு ஆசியா வழியாக இந்தியா வரைக்கும் அதன் சொந்த மண். மத்திய ஆஸ்திரேலியாவுக்கு அது வந்தது ஒட்டகங்களோடு. 1872-இல் அடிலெய்டிலிருந்து டார்வின் வரைக்கும் தந்திக் கம்பி இழுத்து முடித்தார்கள். அந்தக் காலத்தில் பாலைவனம் கடந்து சாமான் சுமக்க ஒட்டகம்தான் வழி. ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், பஞ்சாப், ராஜஸ்தான் பக்கங்களிலிருந்து ஒட்டகக்காரர்களையும் கூட்டி வந்தார்கள். ஒட்டகச் சேணத்துக்குள் திணித்திருந்த காய்ந்த புல்லோடு விதையும் வந்தது என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்கிற வரலாறு. அதோடு நின்றிருந்தால் பெரிய விஷயமாக ஆகியிருக்காது. பின்னால் மாட்டுப் பண்ணைகளுக்காக வேண்டுமென்றே விதைத்தார்கள். 1960-களில் பெரிய வறட்சி. மேல்மண் பறந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரே புழுதியில் மூழ்கிக் கிடந்தது. புழுதியை அடக்க ஊரைச் சுற்றி இதையே விதைத்தார்கள். அடங்கியது. சொன்ன வேலையைப் புல் செய்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை நெருப்பில் இருக்கிறது. ஸ்பினிஃபெக்ஸ் உருண்டைகளுக்கு நடுவே மண் தெரியும் என்றேன் இல்லையா, மழை குறைந்த வருடங்களில் அந்த இடைவெளிதான் தீயைத் தடுக்கும் வேலி. ஒன்று எரிந்தால் அடுத்ததற்குத் தாவ அதற்குச் சிரமம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரெர்ன்டே மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொளுத்தி, எரிந்ததும் எரியாததுமாக நிலத்தை வைத்திருந்தது அந்த அமைப்பைப் புரிந்துகொண்டுதான். பஃபெல் இந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. முன்னெல்லாம் எரியாத ஆற்றுப் படுகைகளும் இப்போது முகடு வரைக்கும் பற்றி எரிகின்றன. எரிந்த பிறகு முதலில் தழைப்பதும் பஃபெல்தான். வேர் ஆழம், அடிக்கட்டை சாவதில்லை, ஒரு மழை போதும். அதனால் அடுத்த தீ சீக்கிரம் வருகிறது. 2019 ஜனவரியில், பாதை போகிற இந்தத் தேசியப் பூங்காவின் பெரும் பரப்பை எரித்த தீக்கு நிறைய விறகு கொடுத்தது இந்தப் புல்தான் என்று இங்கே சொல்கிறார்கள்.

அப்படி எரிந்த ஒரு படுகையின் வழியாகத்தான் மறுநாள் நடந்தோம். ரிவர் ரெட் கம் என்கிற பெரிய யூக்கலிப்டஸ் மரங்கள், நாலு பேர் கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத அடிமரம். ஒன்று வேரோடு சாயாமல், உள்ளே எரிந்து, குழாயாக நின்றது. ஓட்டைக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். சுவரெல்லாம் கரி, சதுரம் சதுரமாக வெடித்து, முதலைத் தோல்போல மினுங்கியது. மேலே வானம் வட்டமாகத் தெரிந்தது. கிளி, ஆந்தை, வௌவால் எல்லாம் குடியிருக்கிற பொந்துகள் இந்த மாதிரிக் கிழ மரங்களில்தான் உண்டாகும், அதற்கு நூற்றாண்டுகள் ஆகும். மரத்தைச் சுற்றி, கருகிய பட்டையை உரசிக்கொண்டு, நெருக்கமாக, ஆரோக்கியமாக, கொழுக்கட்டைப் புல். மேலே பாறை முகட்டில் மத்திய மலை எலி என்று ஒரு சின்ன உயிர் இருக்கிறது. அழிந்தேவிட்டது என்று நினைத்திருந்தார்கள். 1996-இல் இந்த மலைத்தொடரில்தான் மறுபடி கண்டார்கள். முகடுவரை தீ ஏறினால் அதற்குப் போக இடமில்லை.

ஒரு மரத்தடியில்

அன்று முகாமுக்குச் சீக்கிரம் வந்துவிட்டோம். தேநீருக்குப் பிறகு வழிகாட்டி வண்டியிலிருந்து கையுறைகளையும் இரண்டு கொத்துகளையும் இறக்கினார். முகாமுக்குப் பின்னால் தனியாக ஒரு பெரிய ரெட் கம், தீயில் தப்பியது. அதைச் சுற்றிப் புல் ஏறியிருந்தது. விருப்பம் இருப்பவர்கள் வரலாம், இல்லாதவர்கள் ஓய்வெடுக்கலாம் என்றார். என்னிடம் தனியாக வந்து, "நீங்கள் வர வேண்டாம், பரவாயில்லை" என்றார். அந்தப் பரிவை நான் மறக்கமாட்டேன். நான் போனேன்.

புல்லைப் பிடித்து இழுத்தால் வராது. தாள் மட்டும் கையோடு வரும். அடியில் முடிச்சு முடிச்சாக, கெட்டியாக ஒரு கட்டை இருக்கிறது. அதற்குக் கீழே கொத்தை இறக்கி நெம்ப வேண்டும். முதலில் கதிர்களை அறுத்துப் பையில் போட்டுக் கட்ட வேண்டும், அப்புறம்தான் கட்டையில் கை வைக்க வேண்டும். முதல் தூரை நெம்பியபோது வேர்கள் ஒவ்வொன்றாக அறுகிற சத்தம் கேட்டது. மண்ணின் வாசனை, காய்ந்த தாளின் வாசனை, இரண்டும் சேர்ந்து அப்படியே அப்புச்சியின் காடு. கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. பக்கத்தில் பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் ஒன்றும் பேசாமல் தன் தூரைப் பெயர்த்துவிட்டு என் தூரின் மறுபக்கத்தில் கொத்தை இறக்கினார். இருவருமாக நெம்பினோம். வந்தது.

சூரியன் சாய்வதற்குள் மரத்தைச் சுற்றி நாலு மீட்டர் அகலத்துக்கு வெறும் மண். ஒரு மரத்துக்கு அது போதுமாம். தீ வந்தாலும் அடிமரத்தைத் தொடாது. அந்த மண்ணில் வழிகாட்டி ஒரு இடத்தைக் குச்சியால் கிளறி, பட்டாணி அளவில் ஒரு கோரைக் கிழங்கை எடுத்துத் தேய்த்துக் காட்டினார். அரெர்ன்டே மக்கள் சுட்டுத் தின்கிற யல்கா. முன்பெல்லாம் பெண்களும் குழந்தைகளும் ஆற்றோரம் உட்கார்ந்து பொழுதுக்கும் தோண்டியெடுக்கிற உணவு. பஃபெல் மூடிய கரைகளில் தோண்ட இடமே கிடைப்பதில்லை. காட்டுத் தக்காளி, காட்டுத் திராட்சை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒரு கிழங்கு காணாமல் போகும்போது, அதைத் தேடிப் போகிற நடையும், போகிற வழியில் பாட்டி பேத்திக்குச் சொல்கிற கதையும் கூடவே போய்விடுகின்றன. இந்த மலைத்தொடருக்கு ஜோரிட்ஜா என்று பெயர் வைத்து, ஒவ்வொரு இடுக்குக்கும் ஒரு கதை வைத்திருக்கிறவர்களுக்கு அது சின்ன இழப்பு இல்லை.

மாமா கேட்ட கேள்வி

ஊர் திரும்பியதும் மாமாவைக் கூப்பிட்டேன். அப்புச்சிக்குப் பிறகு காட்டை வைத்திருப்பவர் அவர்தான்.

"ஏன் மாப்ளே, நம்ம கொழுக்கட்டைப் புல்லையா புடுங்குனீங்க?"

"ஆமாங்க மாமா. அங்க தீப்புடிச்சு மரமெல்லாம் போகுதுங்க."

"அங்க வேலி இருக்குதா?"

"இல்லீங்க. தேசியப் பூங்காங்க. மலையும் ஆறும்தான்."

"ஆடு மாடு?"

"உள்ள விடமாட்டாங்க மாமா."

"அப்பறம் எப்படி மாப்ளே? வேலியும் இல்ல, மேய்க்க ஆளும் இல்ல. நம்ம காட்டையே ரெண்டு வருசம் மேய்க்காம உட்டுப் பாரு, ஒரு பீடித்துண்டு போதும்."

அவர் சொன்னது சரிதான். கொறங்காட்டில் புல் தனியாக இல்லை. கிளுவை வேலி அதை எல்லைக்குள் வைக்கிறது. ஆடும் மாடும் அதைத் தாழ வைக்கின்றன. வெள்வேலங்காய் பொறுக்குகிற கை, படல் கட்டுகிற கை, குத்தகை பேசுகிற வாய் எல்லாம் அதைச் சுற்றி இருக்கின்றன. அத்தனையையும் விட்டுவிட்டு விதையை மட்டும் கப்பல் ஏற்றினால் வருகிற புல் வேறு.

அப்படியானால் பூங்காவுக்குள் மாட்டை விட்டால் தீருமா? இதைத்தான் பல நாள் யோசித்தேன். பக்கத்துப் பண்ணைகளில் மாடு இருக்கிறது, பஃபெலும் இருக்கிறது. மாடு மேயமேய அது மறுபடி தழைக்கிறது, தாங்காமல் போவது உள்ளூர்ச் செடிகள்தான். குளம்புள்ள பிராணியையே வெள்ளைக்காரர் வரும்வரை கண்டிராத மண் அது. எல்லரி கிரீக், ஆர்மிஸ்டன் மாதிரி வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற மடுக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே மாடு இறங்கினால் தண்ணீர் என்ன ஆகும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமாவின் விடை காங்கேயத்துக்குப் பொருந்தும், ஜோரிட்ஜாவுக்குப் பொருந்தாது.

பண்ணைக்காரர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வருடத்துக்குச் சராசரி 280 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடத்தில், மாடு தின்று கொழுக்கிற புல் ஒன்று கிடைத்தால் அதை யார் விடுவார்கள்? தென் ஆஸ்திரேலியா 2015-இல் பஃபெலைக் களை என்று அறிவித்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கிற வடக்குப் பிரதேசத்தில் அந்த அறிவிப்பு வர 2024 ஆகிவிட்டது. இத்தனை தாமதத்துக்குக் காரணம் மாட்டுத் தொழிலின் எதிர்ப்பு. ஆனாலும் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், பிடுங்குகிறவர்கள் பக்கம்தான். மொத்த மத்திய ஆஸ்திரேலியாவிலிருந்தும் இதை ஒழிக்க முடியாது, யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. கிழ மரங்களைச் சுற்றி, மடுக்களின் கரையில், மக்கள் புனிதமாக வைத்திருக்கிற இடங்களில், கிழங்கு தோண்டுகிற படுகைகளில் அதை விலக்கி வைக்க முடியும். அதற்குக் கூலியும் ஆளும் வேண்டும். சுற்றுலாவில் சம்பாதிக்கிற அரசு அந்தப் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

சாண்டர் மலை ஏறியதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். நடுராத்திரிக்கு மேல் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பி, விடியும்போது 1380 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் மேலே நின்றோம். அரெர்ன்டே ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா வாழ்நாளெல்லாம் நீர்வண்ணத்தில் வரைந்த மலை அது. வெளிச்சம் வந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்துப் படமெடுத்தார்கள். நான் கீழே பார்த்தேன். ஒவ்வொரு ஓடையின் கரையிலும் வைக்கோல் நிறத்தில் ஒரு கோடு. எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடரலாம்.

இறங்குகிற வழியில் வழிகாட்டியிடம் நீலகிரியைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம், ஊட்டிப் பக்கம் சோலைப் புல்வெளிகளை எப்படி விழுங்கியது, அதைப் பிடுங்க எத்தனை பேர் இன்று பாடுபடுகிறார்கள் என்று. அவருக்கு அது புதுச் செய்தி. பிடுங்கிய இடத்தில் புல் தானாக வந்துவிடுகிறதா, இல்லை நட வேண்டியிருக்கிறதா, வாட்டில் விதை மண்ணில் எத்தனை காலம் கிடக்கும் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். மீதியைக் கேட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். நீலகிரியில் அந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

லராபின்டா போக நினைப்பவர்கள் ஜூன், ஜூலையில் போங்கள். முன்பதிவு செய்யும்போதே, ஒரு மாலை பஃபெல் பிடுங்க நேரம் ஒதுக்குவீர்களா என்று நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவர்களும் கொத்து எடுத்து வைப்பார்கள். ஒவ்வொரு முகாமிலிருந்தும் கிளம்பும் முன் சாக்ஸ், காலணி நாடா, கால் உறை மூன்றையும் உட்கார்ந்து பாருங்கள். பஞ்சுப் பொட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் விதையைக் கீழே தட்டிவிடாமல் பையில் போட்டுக் கட்டி, ஊர் வந்து குப்பையில் சேருங்கள்.